சிறுநீர் எரிச்சல் விட்டு விட்டு வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. ஒன்பது வருடமாக இந்தத் தொல்லையோடு குடித்தனம் நடத்துகிறவள். ரொம்ப நாள் எல்லாமே ஒரே நோய் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று கிருமியால் வரும் தொற்று. இன்னொன்று கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பை வலிப்பது. எரிச்சல் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியம்தான் வேறு வேறு. தோழிகளும் உறவுக்காரப் பெண்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எத்தனை முறை வந்தால் "திரும்பத் திரும்ப" என்று கணக்கு?

6 மாதத்துக்குள் 2 முறை, அல்லது 12 மாதத்துக்குள் 3 முறை. மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு இது. ஆனால் எதை ஒரு "முறை" என்று எண்ணுகிறோம் என்பதில்தான் சிக்கல். ஒரு வருடம் என் பழைய சீட்டுகளை எல்லாம் தரையில் பரப்பிக் கணக்குப் பார்த்தேன். ஆன்டிபயாடிக் சாப்பிட்டது ஏழு முறை. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கும் யூரின் கல்ச்சர் எடுத்தது நான்கு முறை. அதில் கிருமி வளர்ந்தது இரண்டே முறை. மீதி ஐந்து தடவை நான் எதற்காக மாத்திரை விழுங்கினேன் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, என்ன செய்தது, கல்ச்சரில் என்ன வந்தது, எந்த மாத்திரை, எத்தனை நாளில் அடங்கியது. அவ்வளவுதான் அதில் இருக்கும்.

சுத்தமாக இல்லாததால்தான் வருகிறதா?

இல்லை. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எத்தனையோ பெண்கள் வெளியே சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். பெண்ணின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான்; ஆணுக்குச் சுமார் 20. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ. கோலை என்ற பாக்டீரியாதான் பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம். அதற்கு அந்த 4 சென்டிமீட்டரைக் கடப்பது பெரிய விஷயமில்லை. அதன் உடம்பில் மயிரிழை போன்ற கொக்கிகள் உண்டு. சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையை அவை பற்றிக்கொள்ளும். சிறுநீர் வேகமாகப் போனாலும் அது அடித்துக்கொண்டு போகப்படாமல் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

அம்மாவுக்கு இந்தத் தொல்லை இருந்திருந்தாலோ, 15 வயதுக்கு முன்பே முதல் தொற்று வந்திருந்தாலோ, பிறகும் அடிக்கடி வர வாய்ப்பு அதிகம். சோப்பும் வாசனைத் திரவமும் போட்டுக் கழுவிக் கழுவி அங்கிருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்வதால் கெடுதலே மிச்சம். வெறும் தண்ணீர் போதும்.

கோர்ஸ் முடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி வந்துவிட்டதே?

இரண்டு வாரத்துக்குள் அதே கிருமி திரும்பினால், முதல் தடவையே அது முழுசாகப் போகவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். கொடுத்த மருந்துக்கு அது அசையாத ரகமாக இருக்கலாம். சிறுநீரகத்தில் கல் இருந்து அதற்குள் கிருமி ஒளிந்திருக்கலாம். சிறுநீர் முழுசாக வெளியேறாமல் பையில் தேங்கலாம். மருத்துவர் ஸ்கேன் எழுதித் தந்தால், சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலும் இதற்கு ஒரு காரணமாகலாம். நிறைந்த குடல் பையை அழுத்துவதால் அது சரியாகக் காலியாகாது.

சில வாரம், சில மாதம் கழித்து வந்தால் அது பெரும்பாலும் புதுத் தொற்று. இன்னொரு விஷயமும் உண்டு. ஈ. கோலை சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களுக்குள்ளேயே புகுந்து கூட்டமாகப் பதுங்கும் என்பதை எலிகளில் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களுக்குள்ளும் அவை காணப்பட்டிருக்கின்றன.

கல்ச்சருக்குச் சிறுநீர் எப்படிப் பிடிக்க வேண்டும்? டப்பாவைக் கொடுத்து "போய் எடுத்து வாங்க" என்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கும் ஐந்து வருடம் யாரும் சொல்லவில்லை. "பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறுபடி அனுப்பவும்" என்று இரண்டு முறை ரிப்போர்ட் வந்த பிறகு, ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

முதலில் கை கழுவுங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து, உள்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். மூடியின் உள்பக்கத்தையும் டப்பாவின் விளிம்பையும் விரல் தொடக்கூடாது. வெளிப்பகுதியைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, ஒரு கை விரல்களால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் வருவதைக் கழிப்பறைக்குள் விடுங்கள். ஓட்டம் சீரானதும், நிறுத்தாமல், டப்பாவை நடுவில் கொண்டுவந்து பிடியுங்கள். கடைசியில் வருவதும் வேண்டாம். நிறுத்தி நிறுத்திப் பிடிக்கப்போனால்தான் தோலில் இருக்கும் கிருமி கலந்துவிடும். உடனே மூடி, 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே வெப்பத்தில் கிடந்தால் கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும்.

"சிறுநீர் வரட்டும்" என்று அதற்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். நீர்த்துப்போனால் இருக்கும் கிருமியும் எண்ணிக்கையில் குறைந்து தெரியும். காலை முதல் சிறுநீரோ, மூன்று நான்கு மணி நேரம் பையில் நின்றதோ நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். ஒரு மாத்திரை போட்ட பின் பிடித்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

மூன்று இடம். சீழ் செல்கள் எத்தனை: அதிகமிருந்தால் உள்ளே சண்டை நடக்கிறது என்று அர்த்தம். அடுத்து, எந்தக் கிருமி, ஒரு மில்லியில் எத்தனை. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால்தான் தொற்று என்பது பழைய கணக்கு. தொந்தரவோடு வரும் பெண்ணுக்கு ஆயிரம் இருந்தாலும், சில சமயம் அதற்குக் கீழே இருந்தாலும், அது பொருட்படுத்த வேண்டியதுதான். "கணிசமான வளர்ச்சி இல்லை" என்ற வரியைப் பார்த்ததும் எல்லாம் உங்கள் பிரமை என்று யாராவது சொன்னால், எண்ணிக்கை என்ன என்று கேளுங்கள். மூன்றாவது, மருந்துப் பட்டியல். எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது, ஐ என்றால் நடுவில்.

கல்ச்சருக்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதுவரை தாங்க முடியாவிட்டால், மாதிரியைக் கொடுத்துவிட்டு, மருத்துவர் முந்தைய ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்து தொடங்கலாம். நோட்டு உதவுவது இங்கேதான். ரிப்போர்ட்டுகளின் போட்டோ என் போனில் தனி ஃபோல்டரில் இருக்கிறது. எந்த ஊரில், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் நீட்டுவது அதைத்தான்.

போன தடவை வாங்கின மாத்திரை நாலு மிச்சம் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். நாலு மாத்திரை அரைகுறை வைத்தியம், கல்ச்சரையும் கெடுத்துவிடும். வெறும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இன்று முதலில் கொடுப்பவை நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்றவை. முன்னது வழக்கமாக 5 நாள். பின்னது 3 கிராம் பொடி, ஒரே வேளை. சிப்ரோஃபிளாக்ஸசின் வகையறாவைச் சாதாரணத் தொற்றுக்கு, வேறு வழி இருக்கும்போது தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. தசைநாண், நரம்பு பாதிப்புகள் காரணம். உங்கள் வீட்டில் மிச்சமிருப்பது எது என்று ஒரு தடவை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அடிக்கடி வரும் பெண்களுக்குச் சில மருத்துவர்கள் முன்கூட்டியே ஒரு கோர்ஸ் எழுதிக் கொடுத்து, "ஆரம்பித்ததும் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்" என்பார்கள். அது வேறு.

எரிச்சலுக்குத் தரும் காரச் சிரப்?

சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம். கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டாயினோ, கீழே சொல்லப்போகும் மெத்தனமினோ சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கூடவே குடிக்க வேண்டாம். அவை இரண்டும் புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் போதுமா?

குறைவாகக் குடிக்கிறவர்களுக்குப் பலன் உண்டு, இது வெறும் பாட்டி வைத்தியமில்லை. 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகக் குடித்துவந்த, அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரி 1.7 தடவை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. ஏற்கெனவே இரண்டரை லிட்டர் குடிக்கிறவர் ஐந்தாக்கினால் அதே பலன் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

கிரான்பெரி? டி-மேனோஸ்?

கிரான்பெரியைப் பற்றி நிபுணர்களே மாற்றி மாற்றிச் சொன்னார்கள். 50 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு, அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அது சுமார் கால்பங்கு ஆபத்தைக் குறைக்கிறது என்றது. தடுப்பதற்குத்தான்; வந்ததைக் குணப்படுத்த இல்லை. சர்க்கரைப் பாகு போன்ற சாறாகக் குடிக்காதீர்கள்.

டி-மேனோஸ் என்பது பொடியாக விற்கும் ஒருவகைச் சர்க்கரை. அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. கிருமியின் கொக்கி இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும் என்ற விளக்கம் அவ்வளவு அழகு. 2024-ல் பிரிட்டனில் 598 பெண்களிடம் தினம் 2 கிராம் வீதம் 6 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். அதை எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்று என்று மருத்துவரிடம் போனார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலிப் பொடி எடுத்தவர்களில் 55.7 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. நான் நிறுத்திவிட்டேன்.

மாதவிடாய் நின்ற பிறகு அதிகமாகிவிட்டது. ஏன்?

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடும். அங்கே புளிப்பைக் காத்துவந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா குறைய, குடல் கிருமிக்கு இடம் கிடைக்கும். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கென்றே இருக்கிறது. 1993-ல் 93 பெண்களிடம் செய்த ஆய்வில் கிரீம் தடவியவர்களுக்கு வருடத்துக்குச் சராசரி 0.5 தொற்று, மருந்தில்லாத போலிக் கிரீம் தடவியவர்களுக்கு 5.9. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை இந்தப் பக்கத்தில் வேறு எந்த மருந்துக்கும் நான் எழுதவில்லை. பலன் தெரிய சில வாரம், சில மாதம் ஆகலாம். உடம்புக்குள் மிகக் குறைவாகவே சேரும், மாத்திரை வடிவ ஹார்மோன் போலில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அந்த மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். என் பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு வயதில் இதை எழுதிக்கொடுத்தார்கள். பத்து வருடம் முன்னால் யாரும் சொல்லவில்லையே என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாம்பத்தியத்துக்கு அடுத்த நாள் வருகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை, இளம் வயதில் முக்கியமான தூண்டுதலே இதுதான். உறவு முடிந்ததும் சிறுநீர் கழியுங்கள்; அதற்குக் கெட்டியான ஆய்வு ஆதாரம் இல்லையென்றாலும் நஷ்டமும் இல்லை. விந்தணுக் கொல்லி கலந்த ஆணுறை, ஜெல் பயன்படுத்தினால் நிறுத்துங்கள். நல்ல பாக்டீரியாவை அது அழிக்கும் என்பது உறுதியாகத் தெரிந்தது. அப்படியும் நிற்காவிட்டால், உறவுக்குப் பிறகு ஒரே ஒரு மாத்திரை என்ற முறையை மருத்துவர் சொல்லலாம்.

தினமும் ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

மெத்தனமின் ஹிப்யுரேட் என்று பழைய மருந்து ஒன்று இருக்கிறது. இது ஆன்டிபயாடிக் இல்லை. புளிப்பான சிறுநீரில் உடைந்து ஃபார்மால்டிஹைடாகிக் கிருமியைக் கொல்லும். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் கவலை இல்லை. 2022-ல் பிரிட்டனில் 240 பெண்களை வைத்து, தினசரி ஆன்டிபயாடிக்கோடு இதை ஒப்பிட்டார்கள். தொற்று சற்றுக் கூடுதலாக வந்தாலும், மாற்றாகக் கொடுக்கலாம் என்ற அளவுக்கு நெருக்கமாகவே இருந்தது. தினசரி நைட்ரோஃபுரான்டாயின் மாதக்கணக்கில் போனால் அபூர்வமாக நுரையீரல், கல்லீரலைத் தொடும். காரணமில்லாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பொதுப் பரிசோதனையில் கிருமி வந்திருக்கிறது.

வயதானவர்களில் இது சர்வ சாதாரணம். தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து வேண்டாம். கொடுத்தால் முரட்டுக் கிருமிக்கு இடம் விட்டதாகிவிடும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு.

கல்ச்சர் மூன்று முறையும் சுத்தம். ஆனால் எரிச்சலும் வலியும் மட்டும் போகவே இல்லை. எனக்கு என்னதான் ஆச்சு?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எங்கே எரிகிறது என்று கவனியுங்கள். சிறுநீர் வெளித்தோலில் பட்டதும் எரிந்தால், பூஞ்சைத் தொற்றோ தோல் வறட்சியோ இருக்கலாம். சீழ் செல் இருக்கிறது, கிருமி வளரவில்லை என்றால் கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று, கல், சில சமயம் காசநோய்கூட இருக்கலாம்; சாதாரணக் கல்ச்சரில் இவை வராது. சிறுநீரில் ரத்தம் தெரிந்து, தொற்றும் இல்லையென்றால் கேமரா விட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமாகப் புகைப்பவர்கள். சிறுநீர்ப்பைப் புற்று பல நேரம் வலியில்லாமல் ரத்தமாகத்தான் முதலில் தெரியும்.

இதெல்லாம் இல்லை என்று ஆன பிறகும், ஆறு வாரத்துக்கு மேல் பையில் வலியும் அவசரமும் இருந்தால், அதற்குச் சிறுநீர்ப்பை வலி நோய் என்று பெயர். இன்டர்ஸ்டீஷியல் சிஸ்டைட்டிஸ் என்றும் சொல்வார்கள். தொற்றில் சிறுநீர் போகும்போதுதான் வலி அதிகம். இதிலோ பை நிறைய நிறைய வலி ஏறும், போனதும் சற்று அடங்கும், அரை மணியில் மறுபடி தொடங்கும். எனக்கு இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறையில் உட்கார்ந்து, நெற்றியைச் சுவர் ஓட்டில் வைத்துக்கொண்டு, நாலு சொட்டுக்காகக் காத்திருந்த நாட்கள் உண்டு. எழுந்து கதவைச் சாத்தும்போதே இன்னும் இருக்கிற மாதிரி தோன்றும். அந்த நாட்களில் நான் போட்ட ஆன்டிபயாடிக் எதுவும் எனக்கு வேலை செய்திருக்க வாய்ப்பே இல்லை.

அதற்கு என்ன வைத்தியம்?

ஒரே மருந்து எல்லோருக்கும் கேட்பதில்லை. எனக்குக் கேட்டதில் முதலாவது, இடுப்புத்தள பிசியோதெரபி. வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் இறுக்கிப் பிடித்தே வைத்திருந்த தசை, பிடிப்பு விடாமல் அதுவே வலிக்க ஆரம்பித்திருக்கிறது. அதற்கென்று பயின்ற தெரபிஸ்ட் கையால் அழுத்தித் தளர்த்திவிடுவார். 2012-ல் வந்த ஒரு ஆய்வில் இப்படிச் சிகிச்சை பெற்ற பெண்களில் 59 சதவீதம் பேருக்கும், உடம்புக்குப் பொதுவான மசாஜ் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கும் தேறியது. ஒரு எச்சரிக்கை: சிறுநீர்க் கோளாறு என்றாலே இடுப்புத்தளத் தசையை இறுக்கி இறுக்கி விடும் கெகல் பயிற்சி செய்யச் சொல்வார்கள். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். நான் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்து கெடுத்துக்கொண்டேன்.

அடுத்தது உணவு. காபி, டீ, சோடா, மது, எலுமிச்சை ஆரஞ்சு வகை, தக்காளி, காரம், செயற்கை இனிப்பு, இவை பலருக்குத் தூண்டும். எல்லாவற்றையும் நிரந்தரமாக நிறுத்த வேண்டாம். சில வாரம் விட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எனக்குக் காபி மட்டும்தான் எதிரி; தக்காளியை இரண்டு வருடம் வீணாக ஒதுக்கிவைத்தேன்.

மூன்றாவது, மூன்று நாள் குறிப்பு. அளவுக் கோப்பை ஒன்றை வைத்து, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். சாதாரணமாக ஒரு தடவைக்கு 300 மில்லியாவது பிடிக்கும். எனக்கு 80, 60, 90 என்று வந்தது. அவசரம் வந்ததும் ஓடாமல் பத்துப் பத்து நிமிடமாகத் தள்ளிப் பழக்கியதில் நாலு மாதத்தில் 220 ஆனது. வலி கடுமையாக உள்ள நாளில் இதை முயலாதீர்கள்.

மருந்தில், குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் இரவில் தருவார்கள். அது மனநோய் மருந்து என்று பயப்பட வேண்டாம், இந்த அளவில் நரம்பு வலிக்காகத் தருவது. இந்த நோய்க்கே தரும் பென்டோசான் மாத்திரையைப் பல வருடம் எடுத்தவர்களுக்கு விழித்திரை பாதிப்பு வந்தது தெரியவந்து, 2020-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்த்தார்கள். எடுக்கிறவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிலருக்குப் பையின் உள்ளே ஹன்னர் புண் இருக்கும். கேமராவில்தான் தெரியும், அதைச் சுட்டெடுத்தாலோ ஊசி போட்டாலோ நல்ல நிவாரணம்.

இரண்டும் இருப்பவர் எதை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் வழி இது: திடீரென்று, சில மணி நேரத்தில், வழக்கத்தைவிடப் பல மடங்கு எரிந்தால் டப்பாவை எடுப்பேன். பழகிய வலி, காபிக்குப் பிறகோ தூங்காத இரவுக்குப் பிறகோ மெல்ல ஏறினால் அடிவயிற்றில் சூடான ஒத்தடம் வைத்து ஒரு நாள் பார்ப்பேன். தவறியதும் உண்டு. அதனால் சந்தேகமென்றால் டப்பாதான்.

காத்திருக்கவே கூடாத அறிகுறி எது?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்பக்கம் வலி, வாந்தி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும். சிறுநீர் வரவே இல்லை என்றாலும் அப்படியே. கர்ப்பிணி, சிறு குழந்தை, ஆண், கட்டுப்படாத சர்க்கரை நோயுள்ளவர் ஆகியோருக்கு லேசான எரிச்சல் என்றாலும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது கடைசியாக எந்த ஆன்டிபயாடிக், எந்தத் தேதி என்பதுதான். போனில் அந்த ஃபோல்டர் எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள்.